6, 7 பேர் உள்ள வீட்டுக்குப் பழைய கார்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாத்தா, பாட்டி, கணவன், மனைவி, பிள்ளைகள் என்று ஒரே வண்டியில் போக வேண்டிய வீடுகளுக்கானது இந்தப் பக்கம். கையில் 5 முதல் 8 லட்சம் ரூபாய், வாங்கப்போவது தமிழ்நாட்டில் என்று எடுத்துக்கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

6 லட்சம் இருக்கிறது. 6 லட்சத்துக்கு வண்டி பார்க்கலாமா?

கூடாது. 5 லட்சம், மிஞ்சினால் 5.2 லட்சத்துக்குள் பாருங்கள். மீதியைத் தொடாமல் வையுங்கள். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ், முழு சர்வீஸ் ஆகிய மூன்றும் எந்த வண்டிக்கும் உண்டு. 5, 6 வருடம் ஓடிய வண்டி என்றால் நாலு டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ் என்று ஏதாவது ஒன்று முதல் ஆறு மாதத்தில் கேட்கும். டீசல் வண்டியில் கிளட்ச் போனாலோ இன்ஜெக்டர் போனாலோ செலவு இன்னும் ஏறும். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்தவர்கள்தான் தேய்ந்த டயரோடு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறார்கள்.

எங்களுக்கு 7 சீட்டர் கட்டாயம் வேண்டுமா?

மாதத்தில் எத்தனை நாள் 6 பேரோ அதற்கு மேலோ போகிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வருடத்துக்கு நாலு தடவை என்றால், அந்த நாலு தடவைக்கு வாடகை வண்டி எடுத்துவிட்டு 5 சீட்டர் வாங்குவதே லாபம். அப்போது சியாஸ், சிட்டி போன்ற பெரிய செடான்களைப் பாருங்கள். பின் சீட்டில் காலை நீட்டி உட்காரலாம், டிக்கி 500 லிட்டரைத் தாண்டும். 7 சீட்டரை விரும்புகிறவர்கள் அதிகம் என்பதால் விலையும் இறங்காமல் நிற்கிறது. செடான்களுக்கு அந்த மவுசு இல்லை. அதே பணத்துக்கு இரண்டு வருடம் புதிய வண்டி அமையும்.

வாரம்தோறும் 6, 7 பேர் என்றால் 7 சீட்டர்தான். ஆனால் எல்லாச் சீட்டிலும் ஆள் ஏறினால் பெட்டிக்கு இடம் இருக்காது. மூன்றாம் வரிசை நிமிர்ந்திருக்கும்போது இரண்டாம் தலைமுறை எர்டிகாவின் டிக்கி 209 லிட்டர், ரெனால்ட் ட்ரைபருடையது 84 லிட்டர். 84 லிட்டரில் இரண்டு தோள்பைகள் அடங்கும், அவ்வளவே. ட்ரைபரின் கடைசிச் சீட்டுகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டால் 625 லிட்டர் கிடைக்கும். 5 பேர் அடிக்கடி, 7 பேர் எப்போதாவது என்ற வீட்டுக்கு இது மிகப் பெரிய வசதி.

இடம் போதுமா என்பதை எப்படிச் சோதிப்பது?

வண்டி பார்க்கத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் உயரமானவரையும் முட்டி வலி உள்ளவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். முன்சீட்டை ஓட்டுபவர் தனக்கு வேண்டிய அளவுக்குத் தள்ளி வைக்கட்டும், நடுவரிசையில் ஒருவர் உட்காரட்டும், அதன்பின் மூன்றாம் வரிசையில் ஒருவர் ஏறட்டும். இந்த வரிசையில் செய்தால்தான் உண்மை தெரியும். மூன்றாம் வரிசையில் தலை இடிக்கிறதா என்பதைவிட, முட்டி நெஞ்சை நோக்கித் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். தரை உயரமாகவும் சீட் தாழ்வாகவும் உள்ள வண்டிகளில் தொடை சீட்டில் படியாது. ஒரு மணி நேரத்தில் இடுப்பு வலி தொடங்கிவிடும்.

இன்னோவா சேசிஸ் மேல் கட்டிய வண்டி. உள்ளே தாராளம், ஆனால் ஏறுவதற்குக் காலைத் தூக்க வேண்டும். எர்டிகா காரைப் போலத் தாழ்வாக இருப்பதால் வயதானவர்கள் ஏறி இறங்கச் சுலபம். எழுபது வயதைக் கடந்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த ஒரு விஷயமே மாடலை முடிவு செய்துவிடும்.

எந்த மாடலைப் பார்க்கலாம்?

இந்தப் பணத்துக்கு முதலில் பார்க்க வேண்டியது எர்டிகா. 2012இல் வந்த முதல் தலைமுறையில் 1.4 பெட்ரோலும் 1.3 டீசலும் உண்டு. 2018 நவம்பரில் வந்த இரண்டாம் தலைமுறையில் 1.5 பெட்ரோல். அகலமும் நீளமும் கூடி, மூன்றாம் வரிசை நன்றாகவே விரிந்தது. பணம் எட்டினால் இரண்டாவதையே எடுங்கள். உதிரிபாகம் தாலுகா தலைநகரம் வரை கிடைக்கும், வேலை தெரியாத மெக்கானிக் கிடையாது. சோதிக்க வேண்டியவை: குண்டும் குழியுமான தெருவில் 20 கி.மீ. வேகத்தில் முன்பக்கம் டக் டக் என்று சத்தம் வந்தால் லோயர் ஆர்ம் புஷ் அல்லது லிங்க் ராட் தேய்ந்திருக்கும், அது சின்ன வேலை. 1.3 டீசலில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் சங்கிலி உரசும் ஒலி நீடித்து வந்தால் இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினைப் பார்க்க வேண்டும், அது பெரிய வேலை. 2018 மே முதல் 2020 அக்டோபர் வரை தயாரான பெட்ரோல் வண்டிகளில் மோட்டார் ஜெனரேட்டர் பாகத்தை இலவசமாகச் சோதித்து மாற்ற, 2021 செப்டம்பரில் மாருதி திரும்ப அழைப்பு விடுத்தது. நீங்கள் பார்க்கும் வண்டியில் அந்த வேலை முடிந்ததா என்பதை சேசிஸ் எண்ணைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் கேளுங்கள்.

அடுத்தது இன்னோவா. 2005 முதல் 2016 வரை வந்த பழைய இன்னோவாவின் 2.5 டீசல் இன்ஜின் நீண்ட ஆயுள் கொண்டது, மூன்று லட்சம் கி.மீ. தாண்டி ஓடும் வண்டிகள் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் அந்தப் பெயரை நம்பியே பராமரிப்பில்லாத வண்டிகளும் நல்ல விலைக்குப் போகின்றன. இந்த இன்ஜினில் டைமிங் பெல்ட். சுமார் 1 லட்சம் கி.மீ.க்கு ஒருமுறை டென்ஷனரோடு சேர்த்து மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் மோதி இன்ஜினைப் பிரிக்க வேண்டிய நிலை வரும். மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் சுத்தியல் தட்டுவது போன்ற கடகட ஒலி அடங்காமல் இருந்தால் இன்ஜெக்டர் சோதனை செய்யாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். 2016இல் வந்த கிரிஸ்டாவில் செயின் இருக்கிறது. ஆனால் நல்ல நிலையில் உள்ள கிரிஸ்டா இந்தப் பட்ஜெட்டுக்குள் அடங்குவது அரிது. மலிவாக வந்தால் காரணத்தைத் தேடுங்கள்.

ட்ரைபர் 2019 ஆகஸ்டில் வந்தது. 1 லிட்டர், மூன்று சிலிண்டர், 72 குதிரைத்திறன். பழைய எர்டிகாவின் விலைக்கு அதைவிடப் புதிய ட்ரைபர் கிடைக்கும். நகருக்குள்ளும் சமவெளியிலும் குறை சொல்ல முடியாது. 7 பேரோடு ஏசி போட்டுக்கொண்டு ஏற்காடு, கொடைக்கானல் ஏறுவதற்கு இது பொருந்தாது. மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் விட்டுவிடுங்கள்.

ஹோண்டா மொபிலியோ (2014 முதல் 2017), பிஆர்-வி (2016 முதல் 2020) இரண்டின் 1.5 பெட்ரோல் இன்ஜினும் நம்பத்தக்கது. இரண்டும் நின்றுபோன மாடல்கள் என்பதால் விலை இறங்கியிருக்கும். பம்பர், விளக்கு, கண்ணாடி போன்ற பாடி பாகங்கள் கிடைக்கத் தாமதமாகலாம். சென்னை, கோவை, மதுரை போன்ற ஊர்க்காரர்களுக்கு இது தோதான தேர்வு, கிராமப்புறத்துக்குச் சிரமம். ரெனால்ட் லாட்ஜியும் மஹிந்திரா மராசோவும் இதே வகை. உட்கார மிக வசதி, மராசோவின் நடுவரிசை இந்த விலையில் மிகவும் சிறந்தது. ஆனால் பக்கத்தில் அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர் இருந்தால் மட்டும் எடுங்கள். லாட்ஜியிலும் டைமிங் பெல்ட் உண்டு.

ஷெவர்லே என்ஜாய், டவேரா இரண்டையும் தவிர்க்கலாம். கம்பெனி 2017 கடைசியில் இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது.

பெட்ரோலா, டீசலா, சிஎன்ஜியா?

மாதம் 1,500 கி.மீ.க்கு மேல் ஓட்டினால் மட்டும் டீசல். அதற்குக் கீழே என்றால் எரிபொருளில் மிச்சமாவதை ஒரு பெரிய பழுது விழுங்கிவிடும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உண்டு. அது சூடேறித் தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நெடுஞ்சாலை ஓட்டம் வேண்டும். பள்ளிக்கூடம், கடைத்தெரு என்று தினமும் 4 கி.மீ. ஓட்டினால் அடைத்துக்கொள்ளும்.

சிஎன்ஜி வண்டி கம்பெனியிலேயே பொருத்தி வந்ததாக இருக்கட்டும். வெளியில் பொருத்தியிருந்தால் ஆர்சியில் பதிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸில் வில்லங்கம். சிலிண்டரை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை செய்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். சிலிண்டர் டிக்கியில் உட்காரும், 7 பேர் பயணத்தில் பெட்டிக்கு இடமே இருக்காது.

மீட்டரில் 45,000 கி.மீ. காட்டுகிறது. நம்பலாமா?

மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். டிஜிட்டல் மீட்டரைக் குறைக்க அரை மணி நேரம் போதும். உரிமையாளரை வைத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி எடுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் பதிவான கி.மீ. ஏறுவரிசையில் இருக்க வேண்டும். 2021இல் 62,000, இன்று 45,000 என்று வந்தால் பேச்சு முடிந்தது. 40,000 வரை ஒழுங்காக வந்து பிறகு மூன்று வருடம் எந்தப் பதிவுமே இல்லை என்பதும் அதே அளவு சந்தேகத்துக்குரியது.

வண்டியிலும் அடையாளம் இருக்கும். பிரேக், கிளட்ச் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருப்பது, டிரைவர் சீட்டின் கதவுப்பக்க ஓரம் அமுங்கியிருப்பது, ஸ்டியரிங்கில் கை பிடிக்கும் இடம் மட்டும் பளபளப்பது எல்லாம் 45,000த்தில் வராது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண்ணைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். 30,000 கி.மீ. ஓடியதாகச் சொல்லும் வண்டியில் நாலு டயரும் எப்போதோ மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

இன்னொரு நல்ல வழி, ஓபிடி ஸ்கேனர், அதாவது வண்டியின் கணினியில் பதிவான கோளாறுகளைப் படிக்கும் சிறு கருவி. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், போனோடு இணைத்துப் பார்க்கலாம். பிழைக்குறி இருக்கிறதா என்பதோடு, கடைசியாகக் குறியை அழித்த பிறகு எத்தனை கி.மீ. ஓடியிருக்கிறது என்பதையும் பாருங்கள். 6 கி.மீ. என்று வந்தால், நீங்கள் வருவதற்கு முன் எதையோ அழித்திருக்கிறார்கள்.

டி போர்டில் ஓடிய வண்டியை எப்படிக் கண்டுபிடிப்பது?

எர்டிகா, இன்னோவா இரண்டிலும் இந்தக் கேள்வி முக்கியம். டாக்ஸியாக ஓடி, பிறகு ஓன் போர்டாக மாற்றிய வண்டிகள் நிறைய உண்டு. ஆர்சியிலும் அரசின் பரிவாகன் இணையதளத்திலும் வண்டியின் வகையைப் பாருங்கள், பழைய இன்ஷூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்கள். வாடகை வண்டி பாலிசி வேறு வகை என்பதால் மறைக்க முடியாது. கூரையில் கேரியர் போட்ட துளைகளை அடைத்த தடம், பம்பரில் மஞ்சள் பெயின்ட் மிச்சம், வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு இழுத்த வயர் ஆகியவையும் காட்டிக்கொடுக்கும். டாக்ஸி என்பதாலேயே கெட்ட வண்டி ஆகிவிடாது. டாக்ஸியாக ஓடியதைச் சொல்லி அதற்கேற்ற விலைக்கு விற்றால் யோசிக்கலாம். மறைத்து விற்பவரிடம் வேறு எதையும் நம்பி வாங்காதீர்கள்.

அடிபட்ட வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை எப்படி அறிவது?

பகல் வெளிச்சத்தில், வண்டி காய்ந்திருக்கும்போது பாருங்கள். கழுவி ஈரமாக நிற்கும் வண்டியில் பெயின்ட் வேறுபாடு தெரியாது. பானெட், ஃபெண்டர், கதவு கீல் போல்ட்டுகளின் தலையில் ஸ்பேனர் பட்ட தடம் இருந்தால் கழற்றப்பட்டிருக்கிறது. கதவு ரப்பரை இழுத்துவிட்டு உள்ளே தூண்களைப் பாருங்கள். கம்பெனி ஸ்பாட் வெல்டிங் வட்டப் புள்ளிகளாக, ஒரே இடைவெளியில் இருக்கும். புள்ளி இல்லாமல் பட்டி தீட்டிய வழவழப்பு இருந்தால் பலத்த அடி. ஸ்டெப்னியைத் தூக்கி அடித்தளத்தில் மடிப்பு, வெல்டிங் இருக்கிறதா என்று பாருங்கள். பம்பர் சிராய்ப்பு, கதவுக்கு மறு பெயின்ட் போன்றவை நகரத்து வண்டிகளில் சகஜம், பயப்பட வேண்டாம். தூண், சேசிஸ், கூரை இம்மூன்றில் கை வைத்திருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

வெள்ளத்துக்கு: 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையிலும், 2023 டிசம்பரில் நெல்லை, தூத்துக்குடியிலும் ஏராளமான வண்டிகள் தண்ணீரில் நின்றன. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள், கடைசி ஓர் அடியில் சேற்றுக் கோடு தெரியும். சீட் தண்டவாளத்தின் திருகுகளில் துரு, கால்மிதி விரிப்புக்கு அடியில் மட்கிய வாடை, ஃபியூஸ் பாக்ஸ் முனைகளில் பச்சைப் படிவு இவையெல்லாம் சாட்சி. பாலிசியில் நோ கிளைம் போனஸ் (பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். கிளைம் எடுக்காமல் இருந்தால் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஒரே கையில் இருந்த ஐந்து வருட வண்டிக்கு போனஸ் பூஜ்யம் என்றால், சமீபத்தில் கிளைம் எடுத்திருக்க வேண்டும் அல்லது பாலிசி விட்டுப்போயிருக்க வேண்டும்.

ஓட்டிப் பார்க்கும்போது என்ன செய்ய வேண்டும்?

முதல் நிபந்தனை, இன்ஜின் சூடாக இருக்கக் கூடாது. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதை மறைக்க முன்பே ஓட்டியிருக்கலாம். மறுநாள் காலை வாருங்கள்.

ஸ்டார்ட் செய்து ஒருவர் பின்னால் நின்று புகையைக் கவனிக்கட்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டீசலில் கறுப்பு அடங்காமல் வந்தால் இன்ஜெக்டர் அல்லது இஜிஆர் (புகையை மறுசுழற்சி செய்யும் வால்வு) பக்கம் கோளாறு. வெள்ளை ஆவி காலையில் ஒரு நிமிடம் வருவது இயல்பு, நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே இறங்குகிறது. ஆயில் மூடியைத் திறந்தால் லேசான மூச்சு இருக்கலாம். குபுகுபுவென்று புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்மானம். கிளட்சுக்கு ஒரே ஒருமுறை இதைச் செய்யுங்கள்: ஹேண்ட் பிரேக் இழுத்து, மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். இன்ஜின் நின்றால் நல்லது, நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது.

ஏசியை வெயிலில், வண்டி நின்ற நிலையில் 15 நிமிடம் ஓடவிட்டு, பின்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். முன்னால் குளிர்ந்து பின்னால் வெறும் காற்று வரும் வண்டிகள் அதிகம். பின் வரிசை ஏசி வேலை செய்யாத 7 சீட்டர் நம் ஊர் மே மாதத்தில் 5 சீட்டர்தான்.

பழைய வண்டியில் பாதுகாப்பு எப்படி?

ஏபிஎஸ் 2019 ஏப்ரலில் கட்டாயமானது, டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில். முன்சீட் பயணிக்கான ஏர்பேக் எல்லா கார்களுக்கும் வந்தது 2021 கடைசிக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய அடிமட்ட வேரியன்ட்களில் இவை இல்லாமலே இருக்கலாம். நடு, மேல் வேரியன்டையே தேடுங்கள், அதற்காக ஒரு வருடம் பழையது எடுத்தாலும் சரி. குளோபல் என்கேப் மோதல் சோதனையில் மராசோ 2018இலும் ட்ரைபர் 2021இலும் பெரியவர் பாதுகாப்புக்கு 4 நட்சத்திரம் பெற்றன. எர்டிகா 2019இல் 3 பெற்றது, கடுமையாக்கிய விதிகளின்படி 2024இல் மீண்டும் சோதித்தபோது 1தான் கிடைத்தது. மூன்றாம் வரிசை பெல்ட்டுகள் சீட்டுக்கடியில் மாட்டிக்கிடக்கும். வெளியே எடுத்து, பூட்டுகிறதா என்று பார்த்தபின் மற்றதைப் பேசுங்கள், பிள்ளைகள் உட்காரும் இடம் அது.

பிஒய் (புதுச்சேரி), டிஎல் (டெல்லி) நம்பர் வண்டி மலிவாக வருகிறதே?

தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப ஆயுள் வரி கட்ட வேண்டும். அந்தத் தொகையையும் ஏஜென்ட் செலவையும் சேர்த்தால் மலிவு பறந்துவிடும். என்ஓசி (தடையில்லாச் சான்று) கைக்கு வராமல் பணம் முழுவதையும் கொடுக்கவே கூடாது. டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபின் அங்கிருந்து தெற்கே வந்தவை ஏராளம். ஆயுள் மிச்சம் எவ்வளவு என்று ஆர்சி தேதியைப் பாருங்கள்: பதிவு 15 ஆண்டுக்குத்தான். அதன்பின் எஃப்சி காட்டி 5 ஆண்டு நீட்டிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணமே 5,000 ரூபாய் ஆனது, பசுமை வரி தனி.

காகிதங்களில் என்னென்ன?

ஆர்சி அசல், நடப்பு இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, இரண்டு சாவி. பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. வண்டி மேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் என்ஓசியும் படிவம் 35உம் வேண்டும். கடனை அடைத்ததாகச் சொல்லியும் ஆர்சியில் அடமானம் நீங்காத வண்டிகள் நிறைய, பரிவாகனில் பார்த்தால் தெரியும். இ-சலான் நிலுவையையும் அங்கேயே பார்த்து, விற்பவரைக் கட்டச் சொல்லுங்கள். சேசிஸ், இன்ஜின் எண்களை வண்டியில் படித்து ஆர்சியோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள்.

வாங்கிய 30 நாளுக்குள் ஆர்டிஓவில் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு 14 நாளுக்குள் எழுத வேண்டும். விற்பவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், உங்களுக்கு வராது. அந்த வித்தியாசத்தைக் கட்டத் தயாராக இருங்கள்.

கன்சல்டிங்கில் வாங்குவதா, பார்ட்டியிடம் நேராகவா?

நேராக வாங்கினால் விலை குறையும், வண்டியின் கதையும் முதல் கையிலிருந்து கிடைக்கும். கன்சல்டிங்கில் ஒரே இடத்தில் பத்து வண்டி பார்க்கலாம், மாதத் தவணைக்கும் ஏற்பாடு செய்வார்கள். எங்கே வாங்கினாலும் ஆர்சியில் பெயர் உள்ளவரோடு ஒருமுறையாவது போனில் பேசுங்கள். பேசவிடாத இடத்தில் வாங்க வேண்டாம். கம்பெனிகளின் பழைய கார் கடைகளில் விலை கூடுதல், ஆனால் வாரன்டி உண்டு. அந்த வாரன்டி இன்ஜின், கியர்பாக்ஸோடு நின்றுவிடுகிறதா, ஏசியும் சேருமா என்று தாளில் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வாங்கிய முதல் வாரம் என்ன மாற்ற வேண்டும்?

முன்னவர் நேற்று மாற்றினேன் என்று சொன்னாலும் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், டீசல் என்றால் டீசல் ஃபில்டர். கூலன்டையும் பிரேக் ஆயிலையும் வடித்து மாற்றுங்கள். இரண்டுக்கும் பெரிய செலவு இல்லை, மலை இறக்கத்தில் 7 பேரோடு வரும்போது பழைய பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் அடிவரை இறங்கிவிடும். டைமிங் பெல்ட் வண்டியில் பில் இல்லாவிட்டால் பெல்ட்டும் இந்த வாரமே. ஐந்து வருடம் கடந்த டயரை, பட்டன் மிச்சம் இருந்தாலும், நீண்ட பயணத்துக்கு முன் மாற்றுங்கள். டயர் காற்றழுத்தம் முழு பாரத்துக்கு வேறு, டிரைவர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு அளவும் இருக்கும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஸ்டெப்னியில் காற்று மூன்றும் இருக்கின்றனவா என்பதையும் அன்றே பார்த்துவிடுங்கள்.